ஆட்டோகேட் (வரைபட மென்பொருள்): ஏ3 தாளில் 1:100 சரியாக வரவில்லை

கேள்வி:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்கு பிளான் வரைகிறேன், 30 மீட்டருக்கு 18, எல்லாம் மில்லிமீட்டரில். மாடலிலிருந்து (பிளான் வரையும் இடம்) பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்தால் அளவு ஒத்துவரவில்லை. டவுன் கடையில் ஏ3 வரைதான் உண்டு. யாராவது சொல்லுங்கள் அண்ணே.

பதில் 1:
தம்பி, மாடலை விடுங்கள். லேஅவுட்டுக்கு, அதாவது பிரிண்டுக்குத் தாள் அமைக்கும் பக்கத்துக்குப் போய் பேஜ் செட்டப்பில் ஏ3, பிளாட் ஸ்கேல் 1:1 வையுங்கள், டைட்டில் பிளாக்கும் (பிளானின் பெயர் விவரக் கட்டம்) அங்கேதான் வர வேண்டும். அப்புறம் எம்வியூ கட்டளை கொடுத்து வியூபோர்ட் (தாளில் மாடலைக் காட்டும் சன்னல்) போட்டு, உள்ளே டபுள் கிளிக் செய்து, ஜூம் கட்டளையில் 1/100எக்ஸ்பி (தாளில் நூறில் ஒரு பங்கு அளவு) கொடுங்கள். உடனே டிஸ்ப்ளே லாக்! இல்லையென்றால் மவுஸ் சக்கரம் கொஞ்சம் உருண்டாலே ஸ்கேல் போச்சு. 30 மீட்டர் தாளில் 300 மில்லிமீட்டர்தான், ஏ3 நீளம் 420, தாராளமாக அடங்கும்.

பதில் 2:
வியூபோர்ட் சட்டத்தைப் பிரிண்ட் ஆகாத லேயரில் போடுங்கள். கறுப்பு வெள்ளைக்கு மோனோக்ரோம் சிடிபி (பிரிண்ட் நிறத்தைத் தீர்மானிக்கும் கோப்பு). பிடிஎஃப் கொடுக்கும்போது 'ஆக்சுவல் சைஸ்' என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், ஃபிட் போட்டுச் சுருக்கிவிடுவார்கள், என்னைக் கேட்டால் பாதிப் பிரச்சினை கடையில்தான்.

கேட்டவர்:
லாக் போட்டாச்சு, நன்றி. பிறகு ஏ1 கேட்டால்?

பதில் 1:
ஏ1-க்குத் தனி லேஅவுட், 1:50. அதை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கி ஏ3-இல் எடுத்தால் அதுவே 1:100.