புதுப்பிப்பு: கால்குலஸ் தாளில் விடை சரி, மதிப்பெண் மட்டும் குறைவு ஏன்?

முந்தைய இழையில், மதிப்பெண் பெரும்பாலும் படிகளுக்குத்தான், கடைசி வரிக்கு அல்ல என்று எழுதியிருந்தேன். எந்தப் படி என்று பலர் கேட்டதால் இது.

அதிகம் சறுக்குவது பிரதியிடலில், அதாவது ஒரு கோவைக்குப் பதிலாக புது மாறியை வைத்துத் தொகையிடும்போது. 2எக்ஸ்(எக்ஸ்²+1)³ஐ 0 முதல் 2 வரை தொகையிடும்போது யு = எக்ஸ்²+1 என்று வைத்தால் எல்லைகள் 1, 5 ஆகிவிடும்; விடை (625−1)/4 = 156. பழைய எல்லைகளையே விட்டால் 4 வரும். சிலர் நடுவில் 0, 2 என்றே எழுதிவிட்டு, கடைசியில் எக்ஸுக்கு மாற்றி 156 கொண்டுவருவார்கள். விடை சரி, ஆனால் நடுவரி பொய். கறாரான திருத்துநர் அங்கே வெட்டுவார்; எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

லோப்பிடல் விதிக்கு (பின்னத்தின் எல்லை மதிப்பைக் காண மேலும் கீழும் தனித்தனியே வகையிடுவது) முன் 0/0 வடிவமா என்று ஒரு வரி எழுதுங்கள். (எக்ஸ்+1)/(எக்ஸ்+2)க்கு எக்ஸ் 0ஐ நெருங்கும்போது எல்லை மதிப்பு 1/2. விதியைக் கண்மூடிப் போட்டால் 1.

மூடிய இடைவெளியில் பெரும மதிப்பு கேட்டால் முனைப்புள்ளிகளையும் சோதிக்க வேண்டும். எல்லைகள் இல்லாத தொகையீட்டின் முடிவில் சேர்க்க வேண்டிய மாறிலி ‘சி’யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இறுதித் தேர்வில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கிரேடு கணக்கு கேட்டவருக்கு: இறுதித் தேர்வுக்கு 40% எடை, மற்றவற்றில் சராசரி 70 என்றால் கையில் 42 (70இல் 60%). மொத்தம் 80 வேண்டுமானால் இறுதித் தேர்வில் 95 எடுக்க வேண்டும்.