ஸ்பேர் டிஸ்க் இருந்தும் மாட்டிக்கொண்ட கதைகள்

நைட்ஷிப்ட்காரன்:
பன்னிரண்டு ஸ்லாட் பெட்டி. முதலில் 600 ஜிகாபைட் டிஸ்க் ஆறு போட்டு ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பிக்கும் குரூப்), கூடவே அதே அளவில் ஒரு குளோபல் ஸ்பேர், அதாவது எந்தக் குரூப்பில் டிஸ்க் போனாலும் அதன் இடத்தில் தானாக உட்கார வேண்டிய உபரி டிஸ்க். இரண்டு வருஷம் கழித்து இடம் போதாமல் 1.2 டெராபைட்டில் ஐந்து வாங்கி இரண்டாவது குரூப் கட்டினோம், அதுவும் ரெய்டு 5. குளோபல் ஸ்பேர்தானே, இரண்டையும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி புதுக் குரூப்பில் ஒரு டிஸ்க் போனது. மெயில் வந்தது, பார்த்தேன். ஸ்பேர் எடுத்துக்கொண்டிருக்கும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று திரும்பிப் படுத்துவிட்டேன்.

திங்கள் காலை ரேக் முன்னால் நிற்கிறேன். செத்த டிஸ்க்கில் ஆம்பர் விளக்கு. ஸ்பேரில் பச்சை, ஆடாமல் அசையாமல். ரீபில்ட் (போன டிஸ்க்கின் டேட்டாவை ஸ்பேரில் திரும்ப எழுதுவது) ஓடினால் அது படபடவென்று சிமிட்டியாக வேண்டும். 1.2 இருந்த இடத்தில் 600 எப்படி உட்காரும்? ஸ்பேராகச் சேர்க்கும்போது டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய குரூப்புக்கு அந்த அளவு சரிதானே. மாற்று டிஸ்க் வருவதற்குள் இன்னொன்றும் போனது. கடைசி பேக்கப்புக்கு அப்புறம் எழுதியதெல்லாம் காலி. அந்தப் பச்சை விளக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பழையஸ்லாட்:
எங்கள் கதையில் ஸ்பேர் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அதுதான் வினை. கடைசி ஸ்லாட்டில் யாரோ ‘ஸ்பேர்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஒருமுறை டிஸ்க் ஒன்று போய், ஸ்பேர் உள்ளே வந்து, போனதன் இடத்தில் புதுசு போட்டோம். காப்பிபேக் (டேட்டாவைப் புது டிஸ்க்குக்கு நகலெடுத்து ஸ்பேரை விடுவிப்பது) அணைத்து வைத்திருந்ததால் புதுசு ஸ்பேர் ஆனது, பழைய ஸ்பேர் குரூப்பிலேயே தங்கிவிட்டது. ஸ்டிக்கர் மட்டும் அங்கேயே.

ஒரு வருஷம் கழித்து வேறு பெட்டிக்கு அவசரமாக ஒரு டிஸ்க் தேவைப்பட்டது. ஸ்டிக்கரைப் பார்த்து உருவினேன். கையில் வந்ததும் மணிக்கட்டைத் திருப்புகிறேன், திரும்ப மறுக்கிறது. உள்ளே தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் அலாரம். குரூப் ரெய்டு 6, இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும், அதனால் இன்னொன்று போனாலும் பிழைப்போம் என்று மூச்சு வந்தது. உடனே திரும்பச் செருகினேன், ‘ஃபாரின்’, அதாவது வெளியிலிருந்து வந்த டிஸ்க், என்று சொல்லிச் சேர்க்க மறுத்துவிட்டது. ஸ்பேர் உள்ளே வந்து ரீபில்ட் முடிய 14 மணி நேரம்.

ரெய்டுபித்தன்:
நைட்ஷிப்ட்காரன், குற்றம் ஸ்பேரில் இல்லை, ரெய்டு 5-இல் இருக்கிறது. எனக்கும் ரெய்டு 5-இல் ரீபில்ட் 91 சதவீதத்தில் நின்றது, மிச்ச டிஸ்க் ஒன்றில் ஒரு செக்டரை, அதாவது ஒரு சிறு துண்டை, படிக்க முடியவில்லை. அவ்வளவுதான் என் கதை.

கணக்குப் போடுங்கள். சாதாரண சாட்டா டிஸ்க்குக்குக் கம்பெனிக்காரர்களே போடும் கணக்கு, 10-இன் 14-ஆம் அடுக்கு பிட் படித்தால் ஒரு பிழை வரலாம் என்பது. அது சுமார் 12.5 டெராபைட். 4 டெராபைட் டிஸ்க் ஐந்து இருக்கும் குரூப்பில் ஒன்று போனால் மிச்ச 16-ஐயும் முழுசாகப் படித்தாக வேண்டும். நிஜத்தில் டிஸ்க்குகள் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் அதை நம்பியா படுப்பது? நேரத்தையும் பாருங்கள்: 8 டெராபைட் டிஸ்க்கில் நொடிக்கு 200 மெகாபைட் எழுதினாலும் 11 மணி நேரத்துக்கு மேல். சர்வரில் வேலை ஓடினால் அது நாள்கணக்காகும். அதனால் ரெய்டு 6. மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (குரூப்பின் டிஸ்க்குகளை முழுசாகப் படித்துச் சரிபார்ப்பது) ஓட்டுங்கள், படிக்க முடியாத செக்டர் அப்போதே தெரிந்துவிடும். ஸ்பேரை எப்போதும் இருப்பதிலேயே பெரிய டிஸ்க்கின் அளவில் வாங்குங்கள். சாஸ் (சாட்டாவிலிருந்து வேறான இணைப்பு ரகம்) குரூப்புக்கு சாட்டா ஸ்பேர் வைக்காதீர்கள், பல கன்ட்ரோலர்கள் தொடவே தொடாது. டிஸ்க்கை உருவும் முன் அது எந்த ஸ்லாட் என்று காட்டும் லொக்கேட் விளக்கைச் சிமிட்ட விட்டுப் பாருங்கள். ஸ்டிக்கரை நம்பி உருவுவதெல்லாம் என்ன பழக்கமோ.

நைட்ஷிப்ட்காரன்:
ரெய்டு 6 போட்டிருந்தாலும் அந்த 600 உள்ளே போயிருக்காது ஐயா. நான் எழுதியதே அதைத்தான். படித்துவிட்டு ஆலோசனை சொல்லுங்கள்.

ரெய்டுபித்தன்:
போயிருக்காது. ஆனால் இரண்டாவது டிஸ்க் போனபோது குரூப் நின்றிருக்கும். சரி, விடுங்கள்.

சும்மாபடிப்பவள்:
சண்டைக்கு நடுவில் என்னுடையது. ஸ்பேர் சரியான அளவு, சரியான ரகம், அந்தக் குரூப்புக்கே ஒதுக்கியது. மூன்று வருஷம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, அதில் ஒரு எழுத்துகூட எழுதியதில்லை. குரூப் டிஸ்க்குகளுக்கு வாராவாரம் ஸ்க்ரப் உண்டு, அது ஸ்பேரைத் தொடாது என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. முதல்முறை கூப்பிட்டோம். 3 சதவீதம் எழுதியது, டக் டக் என்று இரண்டு சத்தம், அப்புறம் அதன் விளக்கும் ஆம்பர். பக்கத்தில் நின்ற சீனியர், “இதுக்கு இன்னொரு ஸ்பேர் இருக்கா?” என்று கேட்டார்.