புதுப்பிப்பு: லெபனானுக்குச் சென்ற தமிழ்ப் புத்தகங்கள்

2007 முதல் மலேசியப் படையினர் அமைதிகாப்புப் பணியில் இருந்துவரும் தெற்கு லெபனானுக்குச் சென்றிருக்கும் என் அக்காள் மகனுக்கு எந்தத் தமிழ் நூல்களை அனுப்பலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் பரிந்துரைத்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் வாங்கி அனுப்பினேன். இரண்டாம் உலகப் போர்க்கால மேடானும் (சுமத்ரா) பினாங்கும் அதில் வருவதால், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் வளர்ந்த அவனுக்கு ஊர்க்கதை கேட்பதுபோல் இருந்ததாம். ஆனால் பாத்திரத்தின் எண்ண ஓட்டமாகவே, நனவோடையாக நீளும் பக்கங்களை, இரவுக் காவல் முடிந்த களைப்பில் தொடர முடியாமல் ஓய்வு நாளுக்கு ஒதுக்கிவிட்டான். பசை விட்டுப் பிரிந்த அட்டையைப் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறான்.

கையடக்கத் திருக்குறளோ அவன் சீருடைப் பையிலேயே கிடக்கிறது. 'படைச்செருக்கு' அதிகாரத்தைத் தமிழ்ப்பள்ளியில் படித்ததைவிட இப்போதுதான் ரசிக்கிறானாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் வீரர்களுக்கு இலவசமாக வழங்கிய நூல்களைச் சட்டைப்பைக்குள் அடங்குமாறு அச்சிட்டது வீண்வேலையல்ல என்று எனக்கு இப்போது விளங்குகிறது.

அடுத்த பொட்டலத்தில் சிறுகதைகள் மட்டுமே. ஒரே அமர்வில் முடியும் கதைகள் கொண்ட மெலிந்த தொகுப்புகள், குறிப்பாக மலேசிய எழுத்தாளர்களுடையவை, தெரிந்தால் சொல்லுங்கள்.