பழைய எஸ்.பி.எஸ்.எஸ் கோப்புகளைப் பிரிச்சறிய உதவி வேணும்

வணக்கம், திருநெல்வேலியிலை இருந்து எழுதிறன். பழுதான ஹார்ட் டிஸ்க்கிலை இருந்து அக்கா எஸ்.பி.எஸ்.எஸ் எண்ட புள்ளிவிவர மென்பொருளிலை செய்த ஆய்வுக் கோப்புகளை மீட்டெடுத்தனான். ஒண்டுக்கும் பெயருமில்லை, எக்ஸ்டென்ஷனுமில்லை. கோப்பின்ரை பைற்றுகளை அப்பிடியே காட்டிற ஹெக்ஸ் எடிற்றரிலை முதல் பைற்றுகளைப் பாத்தன். டொலர் குறியும் 'எஃப்எல்2'வும் வந்தால் எஸ்.பி.எஸ்.எஸ் தரவுக் கோப்பு, அதிலை பிரச்சினையில்லை. 'பீகே' எண்டு தொடங்கிறது ஸிப் (சுருக்கின கோப்பு). உள்ளை திறந்தால் புது எஸ்.பி.எஸ்.எஸ் அவுட்புட்டோ வேர்டோ எண்டு விளங்கிடும்.

தலையிடி தாறது 'டி0 சிஎஃப் 11 இ0' எண்ட பைற்றுகளோடை தொடங்கிற காரர்தான். எஸ்.பி.எஸ்.எஸ் 15ஆம் பதிப்பு வரைக்கும் இருந்த எஸ்.பி.ஓ அவுட்புட் (ஆய்வு முடிவுக் கோப்பு), பழைய வேர்ட், பழைய எக்செல் எல்லாத்துக்கும் இதே தலைதான்! (ஆர் யோசிச்சாங்களோ.) உள்ளை இருக்கிற ஸ்ட்ரீம் (கோப்புக்குள்ளை இருக்கிற உள்கோப்பு மாதிரி) பெயரை வைச்சுப் பிரிக்கலாம், வேர்டையும் எக்செல்லையும் அப்பிடிக் கழிச்சிட்டன். எஸ்.பி.ஓவுக்கு என்ன பெயர் வரும்? 16ஆம் பதிப்பிலை இருந்து அதைத் திறக்கவும் ஏலாது. ஆரிட்டையாவது பழைய வியூவர் கிடந்தால் சொல்லுங்கோ.