மறு: ராகமாலா ஓவியங்களைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புடையீர்,

ராஜஸ்தானின் மேவார், இமயமலையடிவாரத்துப் பஹாரி மரபுகளின் ஓவியக் கண்காட்சி ஒன்றுக்கான விளக்கப் பலகைகளைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். 'ராகமாலா' என்பதை 'ராகமாலிகை' என்று எழுதினால், பல ராகங்களில் அமைந்த ஒரே பாட்டு என்றுதான் நம்மவர் கொள்வர். இங்கே மாலையாகத் தொடுக்கப்படுபவை, ராகங்களை மாந்தராக உருவகித்துத் தீட்டிய படங்கள். ஆறு ராகங்களும் ஒவ்வொன்றுக்கும் துணைவியராக ஐந்து ராகினிகளுமாக 36 படங்கள்; பஹாரி மரபில் ஒவ்வொரு ராகத்துக்கும் எட்டெட்டுப் புதல்வர்களும் சேர 84. 'பண்மாலை ஓவியம்' எனலாமா?

* * *

ஐயா,

'பண்மாலை' நல்ல சொல். இசையைப் பொழுதோடு பிணைப்பது நமக்குப் புதிதன்று. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண் என்று பகுத்தே ஓதுவார்கள் பாடி வந்திருக்கிறார்கள். தொல்காப்பியமும் யாழைக் கருப்பொருளுள் வைக்கிறது. மேக ராகப் படத்தில் கருமுகிலின் கீழ்க் கண்ணன் ஆடக் காணும்போது முல்லையும் கார்காலமும் மாயோனும் ஒருசேர நினைவுக்கு வருவதால், 'திணையோவியம்' என்பதையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

இவ்வகை ஓவியங்களைக் குறிக்கும் 'மினியேச்சர்' என்ற சொல்லைச் 'சிற்றோவியம்' என வழங்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அச்சொல்லின் வேர் சிறுமையைக் குறிப்பதன்று. ஏடுகளின் தலைப்பெழுத்துகளைத் தீட்டப் பயன்பட்ட ஈயச் செந்தூரத்தின் இலத்தீன் பெயரான 'மினியம்' என்பதே. ஆகவே 'செந்தூர ஓவியம்' என்பதே பொருந்தும்.

* * *

அம்மா,

வேர் நீங்கள் சொன்னதுதான். ஆனால் பலகையைப் படிப்பவர் படத்தில் செந்நிறத்தைத் தேடுவார். 'சிற்றோவியம்' யாருக்கும் விளங்கும்.

திணையில் இசை கருப்பொருள்களுள் ஒன்றாக நிற்கிறது. ராகமாலையிலோ இசையே தலைவனாகவும் தலைவியாகவும் உருவெடுக்கிறது. தோடி ராகினியைப் பாருங்கள்: தோளில் வீணை சாய்த்துக் காட்டில் தனித்து நிற்கிறாள், மான்கள் மேய்ச்சலை மறந்து அவளை அண்ணாந்து பார்க்கின்றன. அந்தப் பெண்தான் தோடி. மேவாரின் சாவந்தில் 1605இல் ஓவியர் நசீருத்தீன் தீட்டிய மரபுக்கு நம் இலக்கணச் சொல்லைச் சூட்டினால் இந்த நுட்பம் மறைந்துவிடும்.

'பண்' என்பதிலும் இடர் உண்டு. பெயர் ஒன்றாயிருந்தாலும் இன்று வடக்கே பாடப்படும் தோடி நம் தோடி அன்று. அது நம் சுபபந்துவராளி ராகத்துக்கு நெருக்கமானது. ராகங்களிடையே இத்தனை வேறுபாடு இருக்க, பண்ணையும் ஏன் இதில் இழுக்க வேண்டும்? 'ராகமாலை ஓவியம்' என்போம். 'ஓவியம்' என்பதை எங்கும் விடாமல் எழுதினால் குழப்பம் நேராது.

* * *

அன்புடையீர்,

தனிமடலில் எழுதிய மூவரும் இதையே ஆதரித்ததால் 'ராகமாலைச் சிற்றோவியம்' என்றே அனுப்புகிறேன். ராகினிக்குப் 'பண்ணத்தி' என ஒருவர் எழுதியிருந்தார்; அது தொல்காப்பியத்தில் ஒரு பாட்டுவகையின் பெயராக இருப்பதால் 'ராகினி' என்றே விட்டுவிட்டேன்.

* * *

ஐயா,

அவசரம் புரிகிறது. ஆயினும் ரகரம் மொழிமுதல் வாராது; 'இராகமாலை' என்றாவது திருத்துங்கள். 'பண்மாலை'யை நான் இன்னும் கைவிடவில்லை.