பாஸ்டன்வாசிகளே, 'டர்ட்டி வாட்டர்' பாட்டோடு உங்களுக்கு நேர்ந்த அனுபவம் ஏதாவது உண்டா?

கென்மோர் குமரன்

நம்ம ஊர் பேஸ்பால் அணி ரெட் சாக்ஸ் ஜெயித்தால் ஃபென்வே மைதானத்தில் போடுவார்களே, அதே பாட்டுதான். போன வாரம் ஆபீஸ் ஆட்களோடு போயிருந்தேன். கடைசி அவுட் விழுந்ததும் அந்த கிடார் ஆரம்பித்தது. பக்கத்து சீட்டுப் பெரியவர், எழுபதைத் தாண்டியிருப்பார், மடியிலிருந்த ஸ்கோர் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு எழுந்து நின்று ஒரு வரி விடாமல் பாடினார். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "இதைப் பாடினவங்க லாஸ் ஏஞ்சலஸ்காரங்க. பாடினப்போ இந்த ஊரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை" என்றார். மேலே ஏதாவது கேட்பதற்குள் படியிறங்கிப் போயே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து தேடினால் நிஜம்தான். பாடியது ஸ்டாண்டெல்ஸ் குழு. 1965 கடைசியில் வந்து, 1966இல் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டு வரிசையில் 11ஆம் இடம் வரை ஏறியிருக்கிறது. எழுதியவர் அவர்களுடைய தயாரிப்பாளர் எட் காப். பாஸ்டனுக்கு வந்த இடத்தில் அவரிடம் வழிப்பறி செய்திருக்கிறார்கள், அந்தக் கடுப்பில் எழுதியது. ஆறு அழுக்கு, கரையெல்லாம் திருடர்கள் என்று ஊர் மானத்தை வாங்கிவிட்டு, இதுதான் என் ஊர் என்று கொண்டாடுகிறது பாட்டு. அதை முப்பதாயிரம் பேருக்கு மேல் எழுந்து நின்று சிரித்துக்கொண்டே பாடுகிறார்கள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பாய்மரம்

நான் அந்தத் தண்ணீரைக் குடித்தே இருக்கிறேன். பாட்டில் வரும் அழுக்கு ஆறான சார்ல்ஸில் பாய்மரப் படகு கற்றுக்கொண்ட கோடையில், காற்று திடீரென்று திசை மாறி, பாய் மறுபக்கம் அடித்து, படகோடு கவிழ்ந்தேன். வாய் நிறையப் பழுப்புத் தண்ணீர், பாசி வாடை. தலைமுடியில் கொடி சுற்றியபடி படகுத்துறையில் ஏறினால், அங்கே வேலை பார்க்கும் பையன் அந்தப் பாட்டின் கிடாரை வாயாலேயே வாசிக்கிறான். துறையில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். "டெட்டனஸ் ஊசி போடணுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எங்க தாத்தா காலத்துல" என்றான்.

சும்மா சொல்லவில்லை அவன். 1995இல் சுற்றுச்சூழல் துறை இந்த ஆற்றின் தூய்மைக்கு 'டி' மதிப்பெண்தான் கொடுத்தது. மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடி, பெருமழையில் நிரம்பி ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்து, திருட்டுத்தனமான இணைப்புகளைத் தேடிப் பிடித்து அடைத்து, 2013இல் அரை நூற்றாண்டுக்குப் பிறகு பொதுமக்களை அனுமதியோடு நீந்த விட்டார்கள். இப்போதும் பெருமழைக்குப் பிறகு சிவப்புக் கொடி ஏற்றினால் நான் இறங்க மாட்டேன்.

மாடி வீடு

மெட்ஃபோர்டில் நாங்கள் மேல்மாடி வாடகை, வீட்டுக்கார அம்மா கீழே. ஒருநாள் வாடகை கொடுக்கப் போனபோது சமையலறை ரேடியோவில் இந்தப் பாட்டு. பன்னிரண்டு மணிக்குள் திரும்பியாக வேண்டிய பெண்களைப் பற்றி ஒரு வரி வருமே, அங்கே கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு, "எங்களைத்தான் சொல்றான்" என்று சிரித்தார். அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாராம். நேரமாகிவிட்டால் கீழ்த்தள ஜன்னலைத் திறந்துவிட ஒரு தோழி இருந்தாளாம்.

அப்புறம் கடைசிப் பக்கம் பாடகர் அந்தக் கழுத்தை நெரிக்கும் கொலைகாரனைப் பற்றி முணுமுணுப்பார் இல்லையா? அது வருவதற்குள் ரேடியோவை அணைத்துவிட்டார். சிரிப்பும் நின்றுவிட்டது. 1962 முதல் 1964 வரை பாஸ்டன் பகுதியில் நடந்த கொலைகள் அவை, பெரும்பாலும் தனியாக இருந்த பெண்கள். அவருடைய அம்மா கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டது அப்போதுதானாம். "இவங்களுக்கு ஸ்டுடியோவில நின்னு விளையாடுறது சுலபம்" என்றார். அதற்குப் பிறகு என்னால் அந்த இடத்தைச் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

எட்டாவது இன்னிங்ஸ்

குமரன் தம்பி, பாடியவர்கள் எந்த ஊர் என்பதை ஏன் பிடித்துத் தொங்குகிறீர்கள்? அதே மைதானத்தில் எட்டாவது இன்னிங்ஸ் நடுவில் 'ஸ்வீட் கரோலைன்' போடுகிறார்களே, அதில் பாஸ்டன் என்ற பேச்சே கிடையாது. பாடிய நீல் டயமண்ட் நியூயார்க்காரர். அதற்கு ஏன் யாரும் கணக்குக் கேட்பதில்லை?

இன்னொன்று. 'ஸ்வீட் கரோலைன்' ஜெயித்தாலும் தோற்றாலும் ஓடும். 'டர்ட்டி வாட்டர்' ஜெயித்தால் மட்டும்தான். 1997இலிருந்து இதுதான் வழக்கம். என் பெண்ணை முதல் தடவை கூட்டிப்போன அன்று நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் தோற்றோம். எல்லாரும் எழுந்து போகிறார்கள், இவள் மட்டும் சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, பாட்டு இன்னும் போடலையே" என்று உட்கார்ந்திருந்தாள். தோற்றால் போட மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காவலாளி வந்து சொன்னார். அவள் அழுததில் அவரும் அரண்டுபோனார். திட்டோ பாராட்டோ, சத்தம் கேட்டால் நாம் ஜெயித்துவிட்டோம். அவ்வளவுதான் விஷயம். 2004 உலகத் தொடரில், அதாவது பேஸ்பால் இறுதிப் போட்டிகளில், 86 வருஷத்துக்குப் பிறகு கோப்பை வந்ததே, அப்போது இரண்டாவது ஆட்டத்துக்கு ஸ்டாண்டெல்ஸ் குழுவையே ஃபென்வேக்கு வரவழைத்துப் பாட வைத்தார்கள். ஊர்க்காரர்களுக்கே கோபமில்லை, உங்களுக்கு என்ன?

ஆறு கம்பி

எல்லாரும் வரிகளையே அலசுகிறீர்கள். அந்த கிடார் இல்லையென்றால் இந்தப் பாட்டை யாரும் இந்நேரம் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். டோனி வாலன்டினோ வாசித்தது. பாடியவர் டிரம்ஸ்காரர் டிக் டாட், அந்த அலட்சியக் குரல் அவருடையது. எட் காப் 'டெயின்டட் லவ்' பாட்டையும் எழுதியவர் என்பது உபரித் தகவல்.

குவின்சியில் நண்பன் கல்யாண வரவேற்பில் எங்கள் ஆபீஸ் குழு வாசித்தது. கூட்டம் சாப்பாட்டில் மும்முரமாக இருந்தது. அந்த கிடாரைத் தொடங்கி நாலைந்து சுரம்தான் போயிருக்கும், சமையல்கட்டுக் கதவு திறந்து, தட்டு கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக் கையோடு நேராக மேடைக்கு வந்து மைக்கை வாங்கிப் பாடினார். முழுப் பாட்டும். யாரும் தடுக்கவில்லை. முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். எங்கள் பாடகனுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

அனுபவசாலி

நானும் கேட்டிருக்கிறேன், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து. பந்து எறிபவரையே பார்க்க முடியவில்லை, பாட்டு மட்டும் நன்றாகக் கேட்டது.

அதனால் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். 1912இல் கட்டிய மைதானம் அது. கிராண்ட்ஸ்டாண்ட் பகுதியில் கூரையைத் தாங்கும் தூண்கள் நிறைய. டிக்கெட் வாங்கும்போது பார்வை மறைக்கும் இருக்கை என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அங்கே பழைய மர இருக்கைகள், முழங்கால் இடிக்கும். வலது கோடியில் சில வரிசைகள் ஆடுகளத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கும், கழுத்து வலி நிச்சயம். பெரிய பை கொண்டுபோகாதீர்கள், வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். காரை எடுக்கவே எடுக்காதீர்கள். பாட்டு முடிந்ததும் மொத்தக் கூட்டமும் கென்மோர் நிலையத்துக்குத்தான் பாயும். நீங்கள் அடுத்த நிலையமான ஹைன்ஸ் வரை நடந்து அங்கே பச்சை ரயிலைப் பிடியுங்கள்.

கென்மோர் குமரன்

ஐயா, டிக்கெட் விவரம் யாரும் கேட்கவில்லையே. எட்டாவது இன்னிங்ஸ் அண்ணா, நீங்கள் சொன்னது ஏற்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தப் பெரியவர் ஏன் அதை என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்?

எட்டாவது இன்னிங்ஸ்

நீங்கள் பாடாமல் நின்றிருப்பீர்கள்.

அனுபவசாலி

கேட்காவிட்டாலும் சொல்வேன். ஏப்ரலில் போனால் ஸ்வெட்டர் மட்டும் போதாது, தொப்பியும் கையுறையும் எடுத்துக்கொள்ளுங்கள்.