ஷோப்பானைப் பெரிய அரங்கில் வாசிக்கலாமா?

ஒன்றரைக்கட்டை:
இரண்டாயிரம் பேர் உட்காரும் அரங்கில் 19ஆம் நூற்றாண்டுப் போலந்துப் பியானோக்காரர் ஷோப்பானின் நாக்டர்ன்களை, அதாவது இரவின் அமைதி தோய்ந்த சின்னப் பியானோ துண்டுகளை, வாசிப்பது அநியாயம் என்பது என் கட்சி. மனிதர் வாழ்நாளில் செய்த பொதுக் கச்சேரிகளே ஏறத்தாழ 30தான். மற்றதெல்லாம் பாரிஸ் வீடுகளின் வரவேற்பறையில், தெரிந்த முகங்களுக்கு நடுவே. உடம்பு முடியாத நாளில் எரார் கம்பெனி பியானோ போதும், ஒலி அதில் தயாராகவே கிடைக்கும். தெம்பான நாளில் ப்ளேயெல் கம்பெனி பியானோதான், அதில் தன் ஒலியைத் தானே தேடிக்கொள்ளலாம் என்பாராம். அந்த ப்ளேயெலில் ‘மென்மையாக’ என்பதற்குள்ளேயே நாலைந்து படி உண்டு. முழு வார்ப்பிரும்புச் சட்டம் போட்டு உரத்து ஒலிக்கும் இன்றைய பியானோவில், கடைசி வரிசைக்கும் எட்டட்டும் என்று அழுத்தினால் அந்தப் படிகள் காலி.

பின்வரிசை:
கடைசி வரிசைக்காரன் நான்தான், பதில் சொல்கிறேன். அந்த வரவேற்பறைக்குள் உங்களையும் என்னையும் விட்டிருப்பார்களா? பாரிஸில் அவருடைய கடைசிக் கச்சேரி 1848 பிப்ரவரி 16, ப்ளேயெல் அரங்கில். 300 டிக்கெட், ஒன்று 20 பிராங்க். அவரிடம் ஒரு பாடம் கேட்கவும் அதே 20 பிராங்க். சாதாரணத் தொழிலாளிக்கு அது பல நாள் கூலி. அடுத்த வாரமே பாரிஸில் புரட்சி வெடித்து மன்னர் லூயி பிலிப் முடியைத் துறந்து ஓடினார். நீங்கள் உருகும் அந்த நெருக்கம் வாசலில் ஆளை நிறுத்தி வாங்கியது ஐயா.

ஒன்றரைக்கட்டை:
வியன்னாவை விட்டுவிட்டீர்களே. 1820களில் அங்கே இசையமைப்பாளர் ஷூபர்ட்டைச் சுற்றிக் கூடியவர்கள் பெரும்பாலும் நடுத்தர வர்க்க நண்பர்கள்: கவிஞர், ஓவியர், அரசு அலுவலர். பாட்டு முடிந்தால் சாப்பாடு, அப்புறம் அவரே பியானோவில் வால்ட்ஸ் வாசிக்க மற்றவர்கள் ஆடுவார்கள். எந்தச் சீமானின் வாசலிலும் அவர்கள் காத்து நிற்கவில்லை. தன் படைப்புகளுக்கென்றே ஷூபர்ட் நடத்திய பொதுக் கச்சேரி ஒன்றே ஒன்று, 1828 மார்ச்சில். அந்த வருடமே இறந்துவிட்டார்.

லதாங்கி:
இரண்டு பேரும் ஆண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். பெர்லினில் இசையமைப்பாளர் மெண்டல்சனின் அக்கா ஃபானி ஹென்சல், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே கச்சேரி நடத்தினார். நிகழ்ச்சி நிரல் அவர் கையில், பியானோ அவர் கையில், பாடகர் குழுவை நடத்துவதும் அவரே. அதே ஃபானி பொதுமேடையில் வாசித்தது 1838இல், தர்ம காரியத்துக்கான கச்சேரியில், அதுவும் தம்பியின் பியானோ கான்செர்ட்டோவை (வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசிப்பது). தன் பெயரில் ஓபஸ் 1, அதாவது முதல் படைப்பு, என்று வெளியிட 1846 வரை ஆனது. அடுத்த மே மாதம், ஞாயிறு கச்சேரிக்கு ஒத்திகை பார்க்கும்போதே சரிந்து இறந்துபோனார். நானூறு படைப்புகளுக்கு மேல் எழுதியவர்! வீட்டுக் கூடத்தை விட்டால் அவருக்கு மேடை ஏது? அதனால் வரவேற்பறையைக் கொண்டாடவும் மனம் வரவில்லை, பின்வரிசையார் மாதிரி ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை.

பின்வரிசை:
ஃபானி விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் வரவேற்பறை என்றாலே அமைதி என்று நினைக்க வேண்டாம். 1837 மார்ச்சில் பியானோ வித்வான்கள் லிஸ்ட்டும் தால்பெர்க்கும் யார் பெரியவர் என்று மோதியது பாரிஸில் இளவரசி பெல்ஜியோஜோசோ வீட்டில். இத்தாலிய அகதிகளுக்கு நிதி திரட்ட, டிக்கெட் 40 பிராங்க். சேவல் சண்டைதான், கம்பளம் மட்டும் உசத்தி. அதே லிஸ்ட்தான் பின்னால் பெரிய அரங்குகளில் தனியாளாக வாசித்து, தனிப் பியானோ கச்சேரியை நிலைநிறுத்தினார். அவர் அப்படி இறங்காவிட்டால் நமக்கு ஏது பியானோ?

ஒன்றரைக்கட்டை:
லிஸ்ட் தன் இசையை அரங்குக்கு என்றே எழுதினார், அது அவருக்குப் பொருந்தியது. ஷோப்பானின் மஸூர்க்கா என்ற போலந்து நடன மெட்டுக்கும் அதே அளவுச் சட்டையா? 80 பேர் கூடம், பழைய ப்ளேயெல் ஒன்று. அவ்வளவுதான் கேட்கிறேன்.

பின்வரிசை:
சரி, கேளுங்கள். அந்த 80 டிக்கெட் என்ன விலை என்பதையும் இங்கேயே போட்டுவிடுங்கள்.